லோகாம்பாள் கடைக்கு ஒரு கார்டு

சானடோரியம், நான்காவது வார்டு
18-9-1966

அன்புள்ள தம்பி பழனிக்கு, அண்ணன் ராமலிங்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. சுகம் என்று எழுதினால், சுகமாக இருப்பவனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் எதற்கு என்று கேட்பாய். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் காந்தாவும் குழந்தையும் சௌக்கியமா? குழந்தை இருமினால் மறைக்காமல் எழுது.

இங்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தினம் இடுப்பில் ஒரு ஊசி. இன்னும் இரண்டு மாதம் போட வேண்டுமாம், உட்காரவா படுக்கவா என்றுதான் தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. காலை ஆறு மணிக்கு மணி அடித்து ஒரு கரண்டி ரவைக் கஞ்சியும் இரண்டு துண்டு ரொட்டியும் கொடுக்கிறார்கள் பார், அதுதான் நோய். உன் அண்ணி அங்கம்மாள் கண்ணை மூடிப் பதினொரு வருஷம் ஆகிறது. அன்று முதல் காலையில் லோகாம்பாள் கடை இட்லி தவிர வேறொன்றை நான் வாயில் வைத்ததில்லை என்று உனக்குத் தெரியும்.

கடைக்காரம்மா மூங்கில் குடலையைக் கவிழ்த்து, வெந்த மந்தாரை இலையை உரித்து, நம் தறியில் மிஞ்சிய பட்டு நூலை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு அந்த முழ நீள இட்லியை அறுப்பார்களே, அப்போது மிளகும் சுக்கும் நெய்யும் கலந்து ஒரு ஆவி வரும். அதைத்தான் இங்கே படுத்துக்கொண்டு நினைக்கிறேன். மிளகெல்லாம் இறங்கிக் கறுத்துப்போன அடித்துண்டு என்னுடையது. "அது ராமலிங்கத்துதுபா, கை வைக்காதே" என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறார்கள்!

நீ அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, என்ன சாப்பிட்டாய், யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எழுது. கஞ்சி குடிக்கும்போது அதைப் படித்துக்கொள்வேன்.

தர்மாவரத்துக்குத் தறி வேலைக்குப் போயிருக்கிறேன் என்றே எல்லாரிடமும் சொல்லி வா. இந்த நோய் என்று தெரிந்தால் முதலாளி நம் வீட்டுக்குப் பாவு நூல் கொடுக்க மாட்டார். பாவு வராவிட்டால் தறி நிற்கும், தறி நின்றால் நீங்கள் மூன்று பேரும் என்ன செய்வீர்கள்?

குழந்தைக்கு என் முத்தம். அது காகிதத்தில் வருவதால் பயமில்லை.
ராமலிங்கம்


சின்ன காஞ்சிபுரம்
26-9-1966

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்குப் பழனி வணக்கம். இங்கு எல்லாரும் சௌக்கியம். குழந்தைக்கு இருமல் இல்லை. தாங்கள் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டியது.

தாங்கள் சொன்னபடி நேற்று ஐந்தரை மணிக்கே கடைக்குப் போனேன். எப்போதும் போல் கூட்டம். தாங்கள் உட்காரும் பெஞ்சில் ஜரிகைக் கடை ஷரீஃப் பாயும், அவர் பக்கத்தில் நம் முதலாளியின் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும், "இன்னாடா பழனி, உங்கண்ணன் தர்மாவரம் போயி ஒரு மாசமாவுது. ஒரு சேதி உண்டா? அங்க இன்னாத்த துண்ணுக்கினு இருக்கான்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் ஷரீஃப் பாய், "ஆந்திராவுல காரம் ஜாஸ்திம்மா. உன் இட்லிய நெனச்சி அழுதுக்கினு இருப்பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சட்னியில் புளி கொஞ்சம் தூக்கல். இட்லி பஞ்சு. அரிசித் தட்டுப்பாட்டில் ஊரெல்லாம் இட்லி கல்லாகிவிட்டது, இந்த ஒரு கடையில்தான் இன்னும் இட்லி இட்லியாக இருக்கிறது. தங்கள் அடித்துண்டை நான் கேட்டுப் பார்த்தேன். "அவன் தம்பின்னா இன்னா, தள்ளிக் குந்து" என்றார்கள். அதை யாருக்கும் கொடுப்பதில்லை. தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் தானே தின்றுவிடுகிறார்கள்.

தங்கள் ஆசியை நாடும்
பழனி


சானடோரியம்
9-10-1966

அன்புள்ள பழனிக்கு ஆசீர்வாதம். உடம்பு முன்னைக்குத் தேவலை. காய்ச்சல் சாயங்காலம் மட்டும் எட்டிப் பார்க்கிறது.

உன் கடிதத்தை நான்கு நாள் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில்காரருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். அவர் திண்டிவனத்துக்காரர். "சட்னியில புளி தூக்கல்னு சொல்றீங்களே, அதை மறுபடி படிங்க" என்கிறார். இப்படி ஒரு வார்டு.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நேற்று லோகாம்பாள் அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன். நான் எங்கே இருக்கிறேன், என்ன நோய் என்று உள்ளபடி எழுதிவிட்டேன். ஊருக்குப் பொய் சொல்லலாம். என் துண்டை எடுத்து வைத்துக் காத்திருக்கிற மனுஷியிடம் எப்படிச் சொல்வது? மனசு கேட்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது, எனக்குத் தெரியும். அதில் வேறு ஒரு விஷயமும் எழுதியிருக்கிறேன். அது எனக்கும் அவர்களுக்கும்.

அடுத்த கடிதத்தைச் சீக்கிரம் போடு, கஞ்சி ஆறுகிறது.
ராமலிங்கம்


சின்ன காஞ்சிபுரம்
24-10-1966

ஆரணியில் இருக்கும் அலமு அக்காவுக்கு, தம்பி பழனி எழுதிக்கொண்டது. நீயும் மாமாவும் பேரக் குழந்தையும் நலம்தானே? இங்கு நலம் என்று எழுத முடியவில்லை.

அண்ணன் ஒரு காரியம் செய்துவிட்டார். லோகாம்பாள் அம்மாவுக்குக் கார்டு போட்டார். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மகள் வீட்டிலிருந்து வருகிற கடிதத்தையெல்லாம் பதினொரு வருஷமாக அண்ணன்தான் இட்லி சாப்பிட்டுக்கொண்டே படித்துக் காட்டுவது வழக்கம். தானே எழுதினால் யார் படிப்பார்கள் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

பத்தாம் தேதி காலை, கூட்டம் நிறைந்த நேரம். தபால்காரர் காபிக்கு உட்கார்ந்தவர், கார்டை எடுத்து உரக்கப் படித்தார். "அன்புள்ள லோகாம்பாள் அம்மாவுக்கு ராமலிங்கம் எழுதிக்கொண்டது. நான் தர்மாவரத்தில் இல்லை. எனக்கு டி.பி. வந்து சானடோரியத்தில் படுத்திருக்கிறேன்" என்கிற வரைக்கும் வாசித்தவர், கார்டை அப்படியே பலகையில் போட்டுவிட்டுக் கை கழுவ ஓடினார். பித்தளை அண்டா மூடியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டதாம். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இலையில் பாதி இட்லி பாதி இட்லியாக அப்படியே கிடந்தது. நான் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. பிறகு கேள்விப்பட்டதுதான்.

மறுநாள் யாரோ, அவன் குடித்த டம்ளர் எது என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா சும்மா இருந்திருக்கலாம். எல்லா டம்ளரையும் தெருவில் கொட்டி, "எல்லாத்துலயும்தான் குடிச்சான், பதினோரு வருஷமா! உங்களுக்கு இன்னா ஆயிடுச்சி? நல்லாத்தான குந்திக்கினு இருக்கீங்க!" என்று கத்தியிருக்கிறார்கள். அதோடு போயிற்று. ஷரீஃப் பாய் மட்டும் ஒரு வாரம் தனியாக வந்து சாப்பிட்டார். அவர் கடைக்கு ஆள் வருவது குறைந்ததும் அவரும் நின்றுவிட்டார். நேற்று அடுப்பு எரியவில்லை. கடையைக் காலி செய்யப் போகிறார்கள்.

முதலாளி நம் வீட்டுப் பாவை நிறுத்தவில்லை. நம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடையைப் பற்றி எழுது, எழுது என்று அண்ணன் கேட்கிறார். என்ன எழுதுவது? நீதான் சொல்ல வேண்டும்.
பழனி


ஆரணி
2-11-1966

தம்பி பழனிக்கு அலமு ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மாமாவிடம் காட்டவில்லை.

தன் கார்டால்தான் கடை போயிற்று என்று தெரிந்தால் அவன் ஊசி போட்டுக்கொள்ள மாட்டான். மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நிற்பான், அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஆகவே பொய் எழுது. கடை இருக்கிறது, இட்லி இருக்கிறது, எல்லாரும் இருக்கிறார்கள் என்று எழுது. பாவமெல்லாம் என் தலையில்.

இன்னொன்று கேட்கிறேன். அந்த அம்மாவை நீ போய்ப் பார்த்தாயா? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதைப் பற்றி ஒரு வரி இல்லையே. அண்டா மூடியில் தண்ணீர் சொட்டியது வரை யார் உனக்குச் சொன்னார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். காந்தாவைக் கேட்டதாகச் சொல்.
அலமு


சின்ன காஞ்சிபுரம்
14-11-1966

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்குப் பழனி வணக்கம். தீபாவளிச் சேலைகள் முடிக்கும் அவசரத்தில் கடிதம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். காந்தா, குழந்தை சுகம்.

கார்டு கிடைத்தது. கடைக்காரம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் தனியாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். வேறு ஒருவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஆயி வரட்டும், அவன் துண்டு எங்க போவுது" என்றார்கள்.

நேற்றும் போயிருந்தேன். மழைக்கு இதமாக இட்லி சுடச்சுட இருந்தது. மிளகாய்ப் பொடிக்கு நல்லெண்ணெய் விட்டார்கள். ஷரீஃப் பாய் தங்களைப் பற்றி விசாரித்தார். காபி கொஞ்சம் தண்ணீர்தான், அதைச் சொன்னதற்கு என்னைத்தான் திட்டினார்கள்.

தாங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்.
பழனி


சானடோரியம்
4-12-1966

அன்புள்ள பழனிக்கு ஆசீர்வாதம். ஒரு மாதத்தில் நாலரை பவுண்டு ஏறியிருக்கிறேன். டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கடிதம் என்றேன். புரியாமல் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

காபியில் தண்ணீர் என்று எழுதினாயே, அதைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. எல்லாம் அப்படியே இருக்கிறது. வார்டில் இப்போது ஏழு பேர் கேட்கிறார்கள். பெரியவர் ஒருவர், ஒன்பதாம் நம்பர் கட்டில், போன புதன்கிழமை போய்விட்டார். போவதற்கு முந்தின நாள்கூட, "காஞ்சிபுரம் லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். வந்தது என்று சொல்லி பழையதைப் படித்திருக்கலாம்.

நீதான் கார்டைப் படித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதில் கடைசியில் நான் சொன்னபடி கடைக்காரம்மா செய்கிறார்களா? அதை மட்டும் நீ எழுதவே இல்லை. கூச்சமா?

பதிலுக்குக் காத்திருக்கும்
ராமலிங்கம்


சின்ன காஞ்சிபுரம்
10-2-1967

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்குப் பழனி வணக்கம். தங்கள் கடிதமும் அதற்குப் பிறகு வந்த இரண்டு கார்டுகளும் கிடைத்தன. வேலை மிகுதியால் எழுத முடியவில்லை. இங்கு அனைவரும் நலம். எலெக்ஷன் கூச்சலில் குழந்தை தூங்குவதில்லை, அவ்வளவுதான்.

தாங்கள் கார்டில் சொன்னபடியே கடைக்காரம்மா செய்துவருகிறார்கள். ஒரு குறையும் இல்லை.

நேற்று காலை போனது இன்னும் நாக்கில் இருக்கிறது, அண்ணா. நல்ல பனி. தெருவே தெரியவில்லை, கடை அடுப்பு மட்டும்தான் தெரிந்தது. பெஞ்சில் இடமில்லாமல் பத்துப் பேர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். குடலையைக் கவிழ்த்ததும் எல்லாருடைய பேச்சும் நின்றது. நூல் இறங்கும்போது இட்லியில் ஒரு சத்தமும் வராது, தாங்கள் சொல்வீர்களே, அதே மாதிரி. முந்திரி இரண்டு அகப்பட்டது. சூட்டில் வாய் வெந்தாலும் விடாமல் தின்றேன். வயிறு நிறைந்ததும் உலகத்தில் ஒருவர் மேலும் கோபம் இல்லாதது போல் இருந்தது. அப்படியே வந்து தறியில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

தங்கள் ஆசியை நாடும்
பழனி


சானடோரியம்
19-2-1967

பழனிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். மூன்று முறை படித்தேன். வார்டில் படித்துக் காட்டவில்லை.

சளியில் கிருமி இல்லை என்று இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரே படத்திலும் நெஞ்சில் ஓட்டை ஆறியிருக்கிறதாம். பங்குனி நடுவில் அனுப்பிவிடுவார்கள். மாத்திரை மட்டும் வீட்டிலிருந்தே சாப்பிட வேண்டும். என்னால் இனி யாருக்கும் ஒட்டாது என்று சீட்டு தருவார்கள்.

கடையைப் பற்றி இனி எழுதிச் சிரமப்பட வேண்டாம். நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.
ராமலிங்கம்


சின்ன காஞ்சிபுரம்
1-3-1967

அலமு அக்காவுக்கு, பழனி எழுதிக்கொண்டது. எல்லாரும் நலமா? அண்ணன் பங்குனியில் வருகிறார். வந்ததும் வீட்டுக்கு வர மாட்டார், நேரே கடைக்குத்தான் போவார். அந்த இடத்தில் கார்த்திகையிலிருந்து வாடகை சைக்கிள் கடை இருக்கிறது. லோகாம்பாள் அம்மா செவிலிமேட்டில் ஒரு குடிசையில் இருப்பதாகக் கேள்வி. நான் போகவில்லை.

அவரை வீட்டில் சேர்த்தால் முதலாளி சும்மா இருக்க மாட்டார். நோய் ஆறிவிட்டது, ஒட்டாது என்றெல்லாம் சொன்னால் இங்கே யார் கேட்பார்கள்? நீயே சானடோரியத்துக்குப் போய் அவரை அப்படியே ஆரணிக்கு அழைத்துக்கொண்டு போய்விடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.
பழனி


ஆரணி
9-3-1967

பழனிக்கு அலமு எழுதிக்கொண்டது. என் வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. மருமகள் பிறந்த வீட்டார் வாராவாரம் வந்து போகிறார்கள். மாமாவிடம் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நானும் உன்னைப் போலத்தான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். வேறு எழுத ஒன்றுமில்லை.
அலமு


சானடோரியம்
2-4-1967

அன்புள்ள தம்பி பழனிக்கு, அண்ணன் ஆசீர்வாதம். நீயும் காந்தாவும் குழந்தையும் சௌக்கியம்தானே?

மறுபடி சானடோரியம் என்று மேலே பார்த்துப் பயப்படாதே. நோய் இல்லை. இங்கே சமையல்கட்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள். என்னைப் போல ஆறியவர்கள் நாலு பேர் இருக்கிறோம். ரவைக் கஞ்சியில் இனி மிளகு விழும்.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடையைப் பார்க்கத்தான் முதலில் போனேன். எட்டு சைக்கிள் வரிசையாக நின்றன. எனக்கு ஆச்சரியம் இல்லை பழனி. "நேற்று காலை" கூட்டத்தோடு கூட்டமாகச் சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தேன் என்று பிப்ரவரி பத்தாம் தேதி எழுதியிருந்தாயே, ஒன்பதாம் தேதி தை அமாவாசை. அமாவாசைக்கு எந்த நெசவாளி வீட்டில் தறி ஓடியிருக்கிறது? தறி ஓடாத நாளில் அந்த அம்மா என்றைக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்? என் கட்டிலுக்கு எதிரேதான் காலண்டர். கடை போய்விட்டது என்று அன்றே தெரிந்துகொண்டேன். கோபம் வரவில்லை. பொய்யானாலும் அதைப் படித்துத்தானே பதினொரு பவுண்டு ஏறினேன்.

ஷரீஃப் பாய் ஜரிகைக் கடை வாசலில் நின்றார். நான் தெருவின் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அங்கிருந்தே எல்லாம் சொன்னார். கார்டு, தபால்காரர், டம்ளர் எல்லாம். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் வேறு பக்கம் பார்த்தார். சொல்லி முடிக்கும்போது அழுதார், ஆனால் தெருவைத் தாண்டி வரவில்லை.

செவிலிமேட்டுக்கு நடந்தேன். பழனி, அந்த அம்மாவை உனக்கு அடையாளம் தெரியாது, பாதியாகிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும், "எளச்சிட்டியேடா" என்றார்கள். அவர்கள் இளைத்ததை நான் சொல்லவில்லை. "கடைய ஏம்மா மூடினீங்க?" என்று கேட்டேன். "வயசாயிடுச்சிபா, மாவாட்ட கை வரல" என்றார்கள். சொன்ன கையோடு ரேஷன் அரிசியை எடுத்து ஊறப் போட்டு, சாயங்காலம் உட்கார்ந்து தன் கையாலேயே ஆட்டினார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்திருக்கலாம். பாவு போட்ட தறி இருக்கும், கணக்குப்பிள்ளை வந்து போகிற வீடு. வரவில்லை.

காலையில் குடலை இல்லாததால் பெரிய டம்ளரில் வேக வைத்தார்கள். அரிசி மட்டம், நெய் இல்லை. இருந்தாலும் அந்த ஆவி வந்தது. முழுவதையும் நான் ஒருவனே தின்றேன். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாழ்நாளில் அப்படி ஒரு காலைப் பலகாரம் எனக்கு வாய்த்ததில்லை, இனி வாய்க்கவும் போவதில்லை. ஒரே வாயில் அழுகையும் பசியும் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கை கழுவி வந்ததும் அரிசி டின்னுக்குள்ளிருந்து அந்தக் கார்டை எடுத்துக் கொடுத்தார்கள். "அந்தாளு பாதிதான் படிச்சான். மீதி இன்னா எழுதிக்கினே? வேற யாரையும் படிக்க உடல. நீ வந்து படிப்பேன்னு வெச்சிருந்தேன்" என்றார்கள். படித்தேன். உனக்கும் அது தெரியாது, படித்ததாக எழுதினாயே தவிர. அதில் இருந்தது இவ்வளவுதான்: "நான் வரும் வரை என் அடித்துண்டைப் பழனிக்குக் கொடுங்கள். அவனுக்கும் அதன் மேல் ஆசை, கேட்டும் நீங்கள் கொடுக்கவில்லையாம். என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தோளில் தூக்கி வந்தவன் அவன். அவனை என் இடத்தில் உட்கார வையுங்கள்."

கேட்டுவிட்டு அந்த அம்மா கார்டை வாங்கி மறுபடி அரிசி டின்னுக்குள் வைத்தார்கள். "அன்னிக்குப் பழனி வந்திருந்தானாம்மா?" என்றேன். "அத்த இன்னாத்துக்குக் கேக்கறே, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று எழுந்து போய்விட்டார்கள்.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். அன்றைக்கு நீ கடையில் இருந்தாயா?
ராமலிங்கம்


சின்ன காஞ்சிபுரம்
21-5-1967

அண்ணாவுக்குப் பழனி வணக்கம். சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. தங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இது ஐந்தாவது காகிதம். நான்கைக் கிழித்துப் போட்டேன்.

இருந்தேன். தங்கள் பெஞ்சில், கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். இட்லி வாயில் இருந்தது. தபால்காரர் கார்டைப் போட்டுவிட்டு ஓடியதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கணக்குப்பிள்ளை, "ஏம்பா, தர்மாவரம்னு சொன்னியே?" என்று கேட்டார். எனக்குப் பாவு ஞாபகம் வந்தது, குழந்தை ஞாபகம் வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவருக்கும் எங்களுக்கும் இப்போ போக்குவரத்தே இல்லீங்க" என்றேன். சொல்லிவிட்டு எழுந்து போய், வாயில் இருந்ததைத் துப்பிக் கையைக் கழுவினேன். அதைப் பார்த்த பிறகுதான் கணக்குப்பிள்ளை எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள்.

முதலாளி பாவை ஏன் நிறுத்தவில்லை என்று இப்போது தங்களுக்குத் தெரியும். நல்ல பையன், அண்ணனை ஒதுக்கிவிட்டான் என்று கணக்குப்பிள்ளை அவரிடம் சொல்லியிருக்கிறார். அதிர்ஷ்டம் என்று அக்காவுக்கு எழுதினேன். இந்த ஏழு மாதமாக அந்தச் சோற்றைத்தான் மூன்று பேரும் தின்கிறோம். காந்தாவுக்கு இது தெரியாது. இல்லாத கடையைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததாகத்தான் எழுதினேன். தங்களுக்காக மட்டும் எழுதியது இல்லை அது.

நேற்று செவிலிமேட்டுக்குப் போனேன். கதவுக்கு வெளியேயே நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கடைக்காரம்மா திட்டவில்லை, உள்ளேயும் கூப்பிடவில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "நீ மட்டும் குந்திக்கினு துண்ணு முடிச்சிருந்தா, ஒருத்தனும் ஏந்திரிச்சிருக்க மாட்டான் பழனி."

பழனி